ஈயை ஓட்டாத கன்னம்

அவர் மாட்டைத் தொடவே மாட்டார் என்று சந்தையில் சொல்வார்கள். அது வீண்பழி. தொடுவார். அவர் தொடுவதற்குள் மாட்டுக்காரன் ஊருக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, திரும்பியும் வந்துவிடலாம், அவ்வளவுதான்.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். புதுச்சத்திரத்துப் பக்கம் வாரத்துக்கு ஒரு நாள் கூடுகிற எங்கள் மாட்டுச் சந்தைக்குச் சர்க்கார் மருந்துப் பெட்டியோடு வந்து இறங்குவார். இறங்கியதும் யாரிடமாவது ஒரு தகர வாளியைக் கேட்டு வாங்கிக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். காக்கிச் சட்டைப் பையில் வறுத்த கடலைக்காய் இருக்கும். ஒவ்வொன்றாக உடைத்து, தோலை ஊதி, வாயில் போட்டுக்கொண்டு, எதிரே கட்டியிருக்கிற நோய்மாட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பெண் பார்க்கிற பார்வை இல்லை அது; பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"ஏனுங்க, பாத்துக்கிட்டே இருக்கறீங்களே, மருந்து ஏதும் குடுக்கறதில்லீங்களா?" என்று மாட்டுக்காரன் பொறுமை இழப்பான்.

"எதை ஒதுக்குதுன்னு பார்க்கறேன்" என்பார்.

அதுதான் அவருடைய மொத்த வைத்தியமும். எங்கே வலிக்கிறது என்று தேடமாட்டார். எதைச் செய்யாமல் நழுவுகிறது, எந்தப் பக்கம் சாயாமல் நிற்கிறது என்று பார்ப்பார். சேலம் டவுனில் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. "சர்வேசுரன் மாட்டுக்கு வாய் குடுத்தாரு, பேச்சு குடுக்கல. அதனால மாட்டை நம்பலாம். நமக்குப் பேச்சையும் சேர்த்துக் குடுத்துட்டாரு, அங்கதான் வைத்தியம் கெட்டுது" என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது என்னைப் பார்ப்பார். ஏன் என்னை என்று பின்னால் சொல்கிறேன்.

சேந்தமங்கலத்திலிருந்து ஒரு பண்ணையக்காரர் தீனி தின்னாத காளை ஒன்றை ஓட்டி வந்தார். அதற்குள் அதன் வயிற்றில் நாலு இடத்தில் சூடு போட்டாகிவிட்டது. கண்ணேறு கழியக் கழுத்தில் ஒற்றைச் செருப்பும் கட்டியிருந்தது. நம்மவர் வாளியில் உட்கார்ந்தார். ஒரு கை கடலைக்காய் தீர்ந்தது.

"பச்சைப் புல்லு கொஞ்சம் போடுங்க."

போட்டார்கள். தின்றது.

"இப்ப சோளத்தட்டு."

காளை மோந்து பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

"மெத்துன்னு இருந்தா தின்னுது, முரடா இருந்தா ஒதுக்குது. வயிறு என்னங்க தப்புப் பண்ணுச்சு, அதுக்குப் போயி சூடு போட்டிருக்கீங்க?" என்று எழுந்தார். வாயைப் பிளந்து உள்கன்னத்தில் இரண்டு விரலை விட்டார். விரல் நீளத்துக்கு ஒரு வேலாமுள் வந்தது.

"அட சாமி! இத்தனூண்டு முள்ளுக்கா நாலு சூடு!" என்று பண்ணையக்காரர் தலையில் கைவைத்தார்.

"இந்தாங்க, முள்ளை வெச்சுக்கங்க. அடுத்த மாட்டுக்குக் கம்பியைக் காய்ச்சும்போது இதை ஒருக்கா எடுத்துப் பாருங்க."

மனிதர்களிடத்திலும் அவருக்கு அதே கண்தான். அது எங்கள் சேலம் ஜில்லாவில் மட்டும் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடியிருந்த காலம். ஜில்லா எல்லைக்கு அந்தப் பக்கம் போய்க் குடிக்கலாம். இந்தப் பக்கம் வந்தால் போலீஸ் வாயை ஊதச் சொல்லும். சந்தைக்கு ஒரு கான்ஸ்டபிளைப் போட்டிருந்தார்கள். பாவம், அவர் நூறு வாயை மோந்து பார்த்தும் வெங்காயத்தைத் தவிர வேறொன்றும் கண்டுபிடிக்கவில்லை. கம்பவுண்டர் வாளியில் இருந்தபடியே என் காதோடு சொல்வார்: "அந்தக் குடைக்காரரு. அப்புறம் அந்த மீசை."

"எப்படீங்க கண்டீங்க?"

"போலீஸ் வந்தா எல்லாரும் ஓரமா ஒதுங்கறாங்க. இவங்க ரெண்டு பேரு மட்டும் ஒதுங்கல. நேராப் போய் கும்பிடறாங்க. ஒதுங்க வேண்டியவன் ஒதுங்கலைன்னாலும் கவனிக்கணும்."

கான்ஸ்டபிளிடம் சொன்னாரா என்றால், இல்லை. "நான் மாட்டுக் கம்பவுண்டருங்க" என்று அடுத்த கடலையை உடைப்பார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் மாட்டுத் தரகன். எங்கள் தொழிலில் விலையைப் பேசுவது விரல். துண்டுக்கடியில் கையைக் கோத்து, விரலை அமுக்கிக் கேட்பதும் சொல்வதும் வெளியாள் கண்ணில் படாது. ஆனால் ஆளைத் துண்டு வரைக்கும் இழுத்து வருவது வாய். அந்த வாயில் எனக்கு இணை அந்தச் சந்தையில் கிடையாது. நான் பேசினால் எட்டுப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்த கிழட்டு மாடு கூட நாலு பல்லுக் காளையாகிக் கனைக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாயைத் தவிர வேறு உறுப்பே கிடையாது என்பாள் என் மனைவி.

ஒரு பங்குனி மாத மத்தியானம், ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்குக் காளை காட்டிக்கொண்டிருந்தேன். "இந்தக் காளை இருக்குதுங்களே, இது பசுவை விடச் சாது..." என்று சொல்லி வாயை மூடவில்லை. மூக்கின் வலது ஓரத்தில் பிடித்து, கன்னத்தைக் கிழித்துக்கொண்டு, தாடை வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய சாட்டை ஒன்று இழுத்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்தான். போய்விட்டது. போன சுவடே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆத்தூர்க்காரர் பத்தடி தள்ளி நிற்கிறார்.

"பொய் சொன்னதுக்கு சாமியே அறைஞ்சிடுச்சி. இந்த மாடு நமக்கு வாணாம்பா!"

காளை நிஜமாகவே சாது. என் தொழில் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மைக்கு விழுந்த அறை அது.

அதற்குப் பிறகு அது தினம் வந்தது. முகம் கழுவத் தண்ணீரை அள்ளினால் வந்தது. சோற்றை மென்றால் வந்தது. ஆடி மாதம் எங்கள் பக்கம் காற்று ஆளைத் தூக்கும். எனக்குச் சித்திரைக் காற்றே போதுமானதாக இருந்தது. பேச உதட்டைச் சேர்த்தால் வந்தது. மாடு என்று சொல்ல உதடு சேரவேண்டுமா, இல்லையா? மாடு என்று சொல்ல முடியாத மாட்டுத் தரகனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "இது நல்ல... இது... காளை அல்ல, காளைக்குத் தாய்!" என்று ஒரு பசுவை விற்கப் பார்த்தேன். வந்தவர் என்னைத்தான் பசுவைவிட அதிக இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

என் தைரியத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்திலேயே நான் செத்துப்போய், என் சாவுக்கு யார் யார் வருவார்கள், யார் வராமல் இருந்துவிடுவார்கள் என்று மனதுக்குள் ஆள் பிரித்தாகிவிட்டது. வராதவர்கள் மீது கோபமும் பட்டாகிவிட்டது.

"ஏனுங்க, பல்லுல பூச்சியாத்தான் இருக்கும். பேசாம பல்லுக்காரர்கிட்டப் போங்க" என்றாள் மனைவி.

பல்லுக்காரர் சந்தையின் தெற்கு மூலையில் சிவப்புத் துணி விரித்து உட்கார்ந்திருப்பார். துணி நிறையப் பிடுங்கிய பற்கள் குவிந்திருக்கும். அதுதான் அவருக்கு விளம்பரம். குறடு ஒன்று, உப்புத் தண்ணீர் ஒரு செம்பு, ஆளை அமுக்கிப் பிடிக்க மைத்துனர் ஒருவர். முதல் வாரம் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தார். வலி நின்றது. நானும் நின்று கும்பிட்டேன். மூன்றாம் நாள் வலி வந்தது. அடுத்த வாரம் பக்கத்துப் பல். அதற்கடுத்த வாரம் அதற்கும் பக்கத்துப் பல். மூன்றையும் அவர் தம் குவியலின் உச்சியில் வைத்துக்கொண்டார். நாலாம் வாரம் அங்கே ஒரு கிராமத்தான், "அடேங்கப்பா, என்ன உறுதியான பல்லு பாரு!" என்று வியந்துகொண்டிருந்ததைக் காதால் கேட்டேன். என் உடம்பிலேயே ஊர் மெச்சிய உறுப்புகள் அவைதாம். அப்போது அவை என்னிடம் இல்லை.

"மூணு எடுத்தும் அடங்கலீன்னா, பூச்சி மத்த பல்லுக்கு ஓடிருச்சுன்னு அர்த்தம்" என்றார் பல்லுக்காரர். "வர்ற சந்தைக்கு வாங்க, வலப்பக்கம் பூராவும் எடுத்துப்போடலாம். அதுக்கும் பயந்து இடப்பக்கம் ஓடுச்சுன்னா அதையும் எடுத்துப்போடலாம். பூச்சிக்குப் போக்கிடம் இல்லாமப் பண்ணிப்போடலாமுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயசு சொல்கிறவன் நான். பொக்கை வாயோடு சந்தையில் போய் நின்றால், முதலில் என்னைத்தான் கசாப்புக்குக் கேட்பார்கள். அதுவும் தெரியும். இருந்தும் தலையாட்டினேன். அந்த வலி அப்படி.

இதற்கு நடுவே சவரம் ஒரு பிரச்சினையாயிற்று. இடது கன்னத்தை நாவிதர் மழமழவென்று வழித்துவிடுவார். வலது கன்னத்துக்குக் கத்தி வந்தால் நான் எழுந்து ஓடிவிடுவேன். குளியலும் அப்படியே, இடப்பக்கத்தோடு சரி. ஒரு மாதத்தில் என் முகத்துக்கு இடப்பக்கம் தினம் தீபாவளியாகவும், வலப்பக்கம் தீராத துக்கமாகவும் ஆகிவிட்டது. துண்டைச் சுற்றி மறைக்கலாம் என்றால் துண்டு பட்டால் வலிக்கும்.

"என்னங்க தரகரே, வேண்டுதலுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு உதடு தேவையில்லை.

"திருச்செங்கோட்டுக்கா?"

அதற்கும் ஆட்டினேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். கண் விரிந்தது. "அட, ஆமா! வலப்பக்கம் ஈசன், இடப்பக்கம் அம்மன்! பாதி முகம் அப்பனுக்கு, பாதி முகம் அம்மாளுக்கு! அர்த்தநாரீசுவரருக்கு இப்படியொரு வேண்டுதலை இதுவரைக்கும் எவனும் வேண்டுனதில்லீங்க!" என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

திருச்செங்கோட்டு மலையில் சாமி பாதி ஆண், பாதி பெண். வலி என் இடப்பக்கம் வந்திருந்தால் யாரும் என்னைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். என் நேரம், சாமி பிரித்துக்கொண்ட கணக்குக்குத் தப்பாமல் தாடி வளர்ந்திருந்தது. ஒரு வாரத்தில் சங்கதி சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. அடுத்த சந்தையில், பசுவைத் தொலைத்த ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சாமி!" என்று என் தாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் போட்ட கூச்சலில் கட்டியிருந்த எருமை இரண்டு அறுத்துக்கொண்டு ஓடின. கை இரண்டும் தாமாக வீசின. வலக்கை கிழக்கே நீட்டியபடி நின்றது.

"கெழக்கால போயிருக்குதாம்! சாமி சொல்லீட்டாரு!"

கிழக்கே போனால் சேந்தமங்கலம். எங்கள் சந்தையில் அவிழ்த்துக்கொண்ட மாடு பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். பொழுது சாய்வதற்குள் பசு கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் சந்தைக்குச் சந்தை ஜனங்கள் என் கன்னத்தைத் தொட வந்தார்கள். பக்தர்களைக் கண்டு வண்டிக்கடியில் ஒளிந்த சாமி, தெரிந்தவரை, நான் ஒருவன்தான்.

பல்லுக்காரர் நாள் குறித்த சந்தை வந்தது. விடிந்ததிலிருந்து கம்பவுண்டர் வாளியில் இருந்தார். எதிரே நோய்மாடு ஒன்றும் இல்லை. ஆனால் கடலைத்தோல் குவிந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை என்று எனக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது. பல்லுக்காரரின் மைத்துனர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்த நேரத்தில் கம்பவுண்டர் எழுந்து வந்தார்.

"தரகரே, உங்க வலது கன்னத்துல ஈ ஒண்ணு எம்புட்டு நேரமா உட்கார்ந்திருக்கு, தெரியுமா?"

தெரியும் என்று கண்ணால் சொன்னேன்.

"ஏன் ஓட்டல?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். வந்துவிட்டது. துண்டைக் கடித்துக்கொண்டு குந்தினேன். அவர் நகராமல் நின்று, உதட்டுக்குள் எண்ணினார். வலி அடங்கியதும், "பேசாதீங்க" என்று என் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அதற்கடியில் தம் கையை நுழைத்தார். "நான் கேட்கறேன், நீங்க விரல்ல சொல்லுங்க. ஆமான்னா ஒரு விரல், இல்லைன்னா ரெண்டு."

மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாய் அவர் பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்தது. அது என் வாயில் நுழையுமா, நுழையாதா என்று கண்ணால் அளந்துகொண்டே கையைக் கொடுத்தேன்.

"வலி வந்தா நாள் பூரா இருக்கா?" இரண்டு விரல்.

"நிமிஷம் கூட இல்ல, வெட்டிட்டுப் போயிடுது?" ஒரு விரல்.

"ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குதா?" இரண்டு.

"சுடுதண்ணிதான் ஆகாதா?" இரண்டு. "பச்சைத் தண்ணியும் ஆகாது. எது பட்டாலும் ஆகாது?" அவர் விரல் நெரிகிற மாதிரி ஒன்றை அமுக்கினேன்.

"மூக்கு நடுவைத் தாண்டி இடப்பக்கம் என்னைக்காவது போயிருக்கா?" இரண்டு.

சந்தையில் துண்டுக்கடியில் கை போனால் அது ஒன்றுக்குத்தான். தரகர்கள் கூடிவிட்டார்கள்.

"எந்த மாடுங்க?"

"மாட்டைக் காணோமே. சர்க்கார் மாடா இருக்குமோ?"

"இத்தனை நேரமாப் பேசறாங்க, பெரிய உருப்படியா இருக்கும். நம்ம கையையும் போட்டு வையி!" என்று ஒருவன் துண்டுக்குள் தன் கையையும் நுழைத்துவிட்டான். அடுத்த கேள்விக்கு அவன் விரல்தான் பதில் சொல்லியிருக்கும் போல; கம்பவுண்டர், "இது யாரு, எருமை மாதிரி சொரசொரன்னு இருக்கு?" என்று அந்தக் கையை எடுத்து வெளியே போட்டார்.

பிறகு குறட்டைக் கேட்டார். பல்லுக்காரர் தயங்கிக் கொடுத்தார். அதன் பிடியால் என் வலப்பக்கத்து மிச்சப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். டொக், டொக், டொக். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குறட்டைக் கீழே வைத்துவிட்டுத் துண்டின் நுனி நூலொன்றைப் பிரித்து, என் மூக்கோரத்தில் பட்டும் படாமல் தொட்டார்.

கிழக்கே கை நீட்டினேனா என்பது எனக்கு நினைவில்லை. பசுவைத் தொலைத்த இன்னொருவர் அந்தத் திசையில் ஓடினார் என்று பின்னால் சொன்னார்கள்.

"இரும்பால தட்டுனா சும்மா இருக்கு. நூல் பட்டா உசுரு போகுது. இதுவாய்யா பல்லுவலி?" என்று கம்பவுண்டர் சிவப்புத் துணியருகே குந்தினார். குவியலின் உச்சியிலிருந்து என் மூன்று பற்களையும் எடுத்து, மாட்டுப்பல் பார்க்கிற மாதிரியே வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுல பூச்சி? காட்டுங்க."

பல்லுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாட்டுக் கம்பவுண்டருக்கு மனுசன் வாயில என்னங்க வேலை? இத்தனை சனத்துக்கும் பல்லு புடுங்கறவன் நானு!"

"நீங்க வலிக்கற இடத்தைக் கேக்கறீங்க, அவரு கையைக் காட்டறாரு, நீங்க புடுங்கறீங்க. நான் இந்த ஆளு ஒதுக்கற இடத்தைப் பாத்தேன். பாதி முகம் கழுவல. பாதி முகம் வழிக்கல. ஈ உட்கார்ந்தா ஓட்டல. காத்து வந்தா முதுகைக் காட்டறாரு. இந்தத் தாடியை நான் முன்னமே ஒரு தரம் பார்த்திருக்கேன்யா."

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதல் யுத்தத்தில் அவர் பஸ்ராவில் குதிரைப் படையோடு இருந்தவர். அங்கே ஒரு துரை இதே மாதிரி பாதித் தாடியோடு அணிவகுப்புக்கு வந்து நின்று, மேலதிகாரியிடம் வசவு வாங்குவாராம். வசவுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தால் குதிரை மேலேயே அழுதுவிடுவாராம். பட்டாளத்து டாக்டர்தான் அது முகத்து நரம்பு என்று கண்டுபிடித்திருக்கிறார். கம்பவுண்டர் கீழே கிடந்த வேலாங்குச்சியில் மூன்று கிளையுள்ளதாக ஒன்றைப் பொறுக்கி, என் காதோரம் அடியை வைத்துக் காட்டினார். "ஒரு கிளை நெத்திக்கு. ஒண்ணு கன்னத்துக்கு. ஒண்ணு தாடைக்கு. அந்தந்தப் பக்கத்துக்கு அந்தந்த மரம். அதனாலதான் மூக்கு நடுவைத் தாண்டறதில்ல. மரத்துல கோளாறு. இவரு வேலிக்கல்லை ஒவ்வொண்ணாப் புடுங்கிட்டிருக்காரு."

"அப்ப வேண்டுதல்?" என்று கூட்டத்தில் ஒருவர் கவலையோடு கேட்டார்.

"உங்க சாமியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். தாடியைப் பத்தி மட்டும்தான் சொன்னேன்" என்று கம்பவுண்டர் என் மூன்று பற்களையும் என் மடியில் கட்டினார்.

சந்தை ரசீது ஒன்றின் பின்பக்கத்திலேயே ஒரு சீட்டு எழுதி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். சூரமங்கலத்தில் ரயில் ஏறினேன். வழி நெடுக ஜன்னல் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருந்தவர்களுக்கும் அதையே காட்டிக்கொண்டு போனேன். பட்டணத்து டாக்டர் சீட்டைப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கும் படித்துக் காட்டினார்:

"வயது சுமார் நாற்பது. மெலிவு. தீனி இடப்பக்கம் மட்டும். வலப்பக்கம் கழுவ, வழிக்க, ஈ ஓட்ட விடுவதில்லை. வெட்டு நேரம் பதினைந்து எண்ணும் வரை; நடுவில் சுகம். தட்டினால் வலியில்லை, நூல் பட்டால் உண்டு. மூன்று பல் வீணாகப் போயிற்று. குணம் சாது."

"இதற்கு மேல் நான் கேட்க ஒன்றுமில்லை" என்றார் டாக்டர். "எழுதியவர் எந்த ஊர் டாக்டர்?"

எந்த இன டாக்டர் என்று சொல்லத் தயக்கமாக இருந்தது. "எங்க பக்கத்துல பெரிய கை" என்று மெல்ல முனகினேன்.

கன்னத்துக்குள் நீள ஊசியை விட்டு நரம்பைத் தேடி, சாராயச் சத்தை அதில் செலுத்தினார்கள். ஊசி போகும்போது நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மாட்டுக்குக் கூட நான் சொல்லாதவை. ஆனால் எல்லாமே உதடு சேருகிற வார்த்தைகள் என்பதை அவை முடிந்தபிறகுதான் கவனித்தேன். கன்னம் மரத்துப்போயிருந்தது. வலி இல்லை. மாடு என்று சொல்லிப் பார்த்தேன். மாடு, மாடு, மாடு என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் தம்மைத்தான் திட்டுகிறேன் என்று கோபித்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில்தான் புத்தி வேலை செய்தது. சாராயம்! ஜோலார்பேட்டை தாண்டினால் வருவது சேலம் ஜில்லா. என் கன்னத்துக்குள் இருப்பது சாராயம். நான் மதுவிலக்கு ஜில்லாவுக்குள் முகத்தில் சரக்கை மறைத்துக் கடத்திக்கொண்டு போகிறேன்! ஊர் வருவதற்குள் எனக்கு ஆறு மாத ஜெயில் ஆகி, ஜெயிலில் சவரத்துக்கு நல்ல கத்தி கிடைக்குமா என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். சூரமங்கலம் ஸ்டேஷன் வாசலில் வாய் மோந்து பார்க்கிற கான்ஸ்டபிள் நின்றார். ஒதுங்கினால் சந்தேகம். நேராகப் போய்க் கும்பிட்டால், கம்பவுண்டர் சொன்ன மாதிரி, அதைவிடச் சந்தேகம். நடுவழியில் நின்றுவிட்டேன்.

"என்னய்யா முழிக்கறே?"

"ஐயா, எம்மேல சாராயம் இருக்குதுங்க."

"எங்க? மடியிலயா?"

"கன்னத்துலங்க. உள்ளார."

அவர் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். மரத்த கன்னத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மடியை அவிழ்க்கச் சொன்னார். மூன்று பல் விழுந்தது. கான்ஸ்டபிள் ஓரடி பின்வாங்கினார். உள்ளே போய் ஹெட் கான்ஸ்டபிளைக் கூட்டிவந்தார். ஹெட்டு கதையைக் கேட்டுவிட்டு, குனிந்து என் கன்னத்தை மோந்து பார்த்தார்.

"தொண்டைக்குக் கீழ போச்சா?"

"இல்லீங்க."

"அப்ப அது குடி இல்ல. போ. ஆனா ஒண்ணு, அந்தக் கன்னத்தை எவனும் நக்காமப் பாத்துக்க."

வைகாசித் தேருக்குத் திருச்செங்கோடு போய்த் தாடியை எடுத்தேன். வேண்டாத வேண்டுதலாக இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான் என்று மனைவி விடவில்லை. நாவிதர் கத்தி கொஞ்சம் வெட்டிவிட்டது. ரத்தம் சட்டையில் சொட்டும் வரைக்கும் நான் அவருக்கு ஒரு காளையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சந்தையில் கம்பவுண்டர் எதிரே போய் நின்றேன். வாளியிலிருந்து எழவில்லை. பார்த்தார்.

"இப்பவும் ஈ உட்கார்ந்திருக்கு" என்றார்.

"தெரியலீங்களே!"

"அன்னைக்குத் தெரிஞ்சும் ஓட்டல. இன்னைக்குத் தெரியாம ஓட்டல. பரவால்ல, இது நல்ல ஈ" என்று கையை வீசி அதை அவரே ஓட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், பயந்துக்காதீங்க. நரம்பு திரும்ப முளைக்கும். ஒரு வருஷமோ ரெண்டோ. முளைச்சா வலி வந்தாலும் வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தா திரும்ப ஊசி. எவன்கிட்டயும் பல்லை மட்டும் காட்டாதீங்க."

பயந்துகொள்ளாதே என்று என்னிடம் சொல்வது, கரும்புக்காட்டைக் காட்டி யானையிடம் தின்னாதே என்று சொல்வது மாதிரி. ஒன்றரை வருஷம் தினமும் காலையில் கன்னத்தைத் தட்டிப் பார்த்தேன். உணர்ச்சி இல்லை என்றால் சந்தோஷம். என் கன்னம் செத்துக் கிடப்பதை நித்தம் கொண்டாடினேன். அதற்குள் கம்பவுண்டருக்கு ஆத்தூர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டது. வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடலைத்தோலைக் கூட்டித் தள்ளிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். போய்வருகிறேன் என்று சொல்வதை மட்டும் அந்த மனிதர் எப்போதும் ஒதுக்கிவந்தார் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஒரு நாள் புழுங்கல் காய்ந்துகொண்டிருந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன். வலது கன்னத்தில் குறுகுறுவென்றது. ஈ. ஆறு காலும் தனித்தனியாகத் தெரிந்தது.

அவ்வளவுதான். எழுந்தேன், உட்கார்ந்தேன், கதவைச் சாத்தினேன், திறந்தேன். "நரம்பு முளைச்சிருச்சு அம்மிணி! போச்சு, எல்லாம் போச்சு!" என்று மனைவியிடம் கத்தினேன். "வலிக்குதுங்களா?" என்றாள். "இன்னும் இல்ல!" என்றேன். இனி வரப்போகும் வலிக்காகத் துண்டைக் கடித்துத் தயாராக உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. தபால் கார்டு ஒன்றை எடுத்து, கம்பவுண்டருக்கு நுணுக்கி நுணுக்கி எழுதினேன். ஈ வந்தது, எந்த இடத்தில் வந்தது, எத்தனை நேரம் இருந்தது, நான் இப்போது பட்டணம் போகவேண்டுமா, அல்லது பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆகவேண்டியதைச் சொல்லிவிடலாமா, பல்லுக்காரர் எதிரே வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, எல்லாம். விலாசம் எழுத இடமில்லாமல் போய், ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் நான் சாப்பிட்டேனா, பேசினேனா, முகம் கழுவினேனா என்று எனக்கு நினைவே இல்லை. அத்தனை பயம்.

கார்டு வந்தது. நடுவில் ஒரே வரி.

"ஈயை ஓட்டினீர்களா, விட்டீர்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஓட்டியிருந்தேன்.